மஞ்சள் மாத்திரையும் சாம்பார் மஞ்சளும் ஒன்றில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் மஞ்சளைப் பற்றி வந்த கட்டுரையை எங்கள் கடை கவுண்டரில் உட்கார்ந்துதான் படித்தேன். பெங்களூரு அல்சூரில் எங்கள் குடும்பத்து மெடிக்கல் ஷாப்பில் மருந்தாளராக இருக்கிறேன். கட்டுரையின் முதல் பாதி, அதாவது ஈரோட்டு மஞ்சள், பாட்டி வைத்தியம், அமெரிக்கப் பேடன்ட் வழக்கு எல்லாம் படிக்க நன்றாகவே இருந்தது. காயம் ஆற்றும் மஞ்சளுக்கு 1995இல் கொடுக்கப்பட்ட காப்புரிமையை நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். போராடி 1997இல் ரத்து செய்ய வைத்த கதை எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை. மஞ்சளுக்கு நிறம் தரும் சத்தான குர்குமினைப் பற்றிய இரண்டாவது பாதியில்தான் எனக்குச் சிக்கல். "குர்குமின் சிறந்த ஆன்டி ஆக்சிடன்ட், ஆகவே தினம் ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளலாம், இயற்கைப் பொருள் என்பதால் பக்கவிளைவே கிடையாது" என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அளவுக் கணக்கு. மஞ்சள் தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம். ஒரு டீஸ்பூன் தூள் சுமார் 3 கிராம் என்றால், அதில் 90 மில்லிகிராம். ஒரு குடும்பத்துக்கு வைக்கிற சாம்பாரில் நாம் போடுவதோ கால் ஸ்பூன், அரை ஸ்பூன். அதையும் நாலு பேர் பங்கு போட்டுச் சாப்பிடுகிறோம். கடையில் விற்கிற 500 மில்லிகிராம் மாத்திரையில் 95 சதவீதம் குர்குமின் வகைகள். அதாவது ஒரே விழுங்கில் ஐந்து டீஸ்பூன் தூளுக்குச் சமம். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, உணவில் சேரும் குர்குமினுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரை என்று தினசரி வரம்பு வைத்திருக்கிறது. 60 கிலோ ஆளுக்கு 180 மில்லிகிராம். ஒரு மாத்திரையே அதைத் தாண்டிவிடுகிறது. இரண்டு வேளை போடச் சொல்லும் டப்பாக்களும் உண்டு.

சரி, குர்குமின் எப்படியும் உடம்பில் சேராது, பெரும்பகுதி அப்படியே வெளியே போய்விடும் என்பார்கள். உண்மைதான். அதனால்தான் மாத்திரையில் மிளகுச் சத்தான பைப்பரினைச் சேர்க்கிறார்கள். இந்த யோசனைக்குப் பின்னால் இருக்கிற ஆராய்ச்சி நம் ஊர் சமாச்சாரம். கோரமங்கலா பக்கத்தில் இருக்கிற செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் துறையில் நடந்து, 1998இல் வெளியானது. 2 கிராம் குர்குமினை வெறுமனே கொடுத்தபோது ரத்தத்தில் அது கண்ணுக்கே தட்டுப்படவில்லை, அல்லது மிகக் குறைவாக இருந்தது. கூடவே 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்ததும் உடம்பு ஏற்றுக்கொள்ளும் அளவு 2000 சதவீதம் கூடியது. மாத்திரை விளம்பரங்கள் எல்லாம் இந்த எண்ணைத்தான் பெரிய எழுத்தில் போடுகின்றன. ரத்தத்தில் கூடியது என்பதற்கு மேல் அந்த ஆய்வு ஒன்றும் சொல்லவில்லை. எந்த நோய் குணமானது என்று அது பார்க்கவே இல்லை.

அந்த 2000 எப்படி வருகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். வேண்டாத பொருளை மாற்றி வெளியே தள்ளுவதற்குக் குடலிலும் கல்லீரலிலும் சில என்சைம்கள் இருக்கின்றன. பைப்பரின் அவற்றைத் தடுக்கிறது. அவை குர்குமினை மட்டும் கவனிக்கிறவை இல்லை, நாம் விழுங்குகிற மருந்துகளையும் கவனிக்கிறவை. வாசல் காவலாளியைத் தூங்க வைத்துவிட்டு ஒரு விருந்தாளியை உள்ளே விட்டால், பின்னாலேயே வேறு யாரெல்லாம் நுழைவார்கள் என்று யோசிக்க வேண்டாமா? வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடோயின், இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கும் ப்ராப்ரனோலால் ஆகியவற்றின் அளவு பைப்பரினோடு சேரும்போது ரத்தத்தில் ஏறுவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

"மிளகு ரசத்திலும் இரண்டும் இருக்கிறதே" என்று உங்கள் வாசகர் யாராவது உடனே கேட்பார். நியாயமான கேள்வி. மிளகில் பைப்பரின் ஏறக்குறைய 5 சதவீதம், நல்ல காரமான ரசத்தில் கணிசமாகவே வரும். ஆனால் அதோடு போகிற மஞ்சள் ஒரு சிட்டிகை. சாப்பாட்டோடு சாப்பாடாகக் கலந்து போகிறது, தினமும் இரண்டு வேளை மாதக்கணக்கில் யாரும் அதை அளந்து குடிப்பதில்லை. ரசத்தைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. சளி பிடித்தால் மஞ்சளும் மிளகும் போட்ட பால்தான் எங்கள் வீட்டிலும்.

கடையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இதய வால்வு மாற்றிக்கொண்ட பெரியவர் ஒருவர், வார்ஃபரின் வாங்க எங்களிடம்தான் வருவார். ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை அது. ரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனைச் சீட்டைக் கூடவே கொண்டுவருவார். ஒருமுறை அதில் 4.8 என்று இருந்தது. அவருக்கு டாக்டர் சொன்ன உச்ச வரம்பு 3.5. பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறது என்றார். டாக்டர் கீரையைக் கேட்டார், வலி மாத்திரையைக் கேட்டார், ஆன்டிபயாட்டிக்கைக் கேட்டார், எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். பையைத் திறந்து சீட்டை எடுக்கும்போது உள்ளே மஞ்சள் நிற டப்பா ஒன்று தெரிந்தது. மருமகன் ஆன்லைனில் வாங்கிக் கொடுத்ததாம்.

"அங்கிள், இதை டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"மஞ்சளைப் போய் டாக்டர்கிட்ட காட்டுவாங்களாம்மா!"

அந்த மாத்திரைதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஐ.என்.ஆர். ஏற ஆயிரம் காரணம் உண்டு. ஆனால் 2018இல் நியூசிலாந்து மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதே போன்ற ஒரு நோயாளியைப் பற்றி எச்சரித்தது. வார்ஃபரின் எடுத்துக்கொண்டிருந்தவர் மஞ்சள் மாத்திரை ஆரம்பித்ததும் அவருடைய ஐ.என்.ஆர். 10ஐத் தாண்டிவிட்டது. அந்த அளவில் உள்ளுக்குள் ரத்தக் கசிவு எப்போது வேண்டுமானாலும் வரலாம். பெரியவரை அப்படியே டப்பாவோடு டாக்டரிடம் திருப்பி அனுப்பினேன்.

கல்லீரல் விஷயமும் இருக்கிறது. இத்தாலியில் மஞ்சள் மாத்திரை எடுத்தவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்து, 2019இல் லேபிளில் எச்சரிக்கை போடச் சொன்னார்கள். 2023இல் ஆஸ்திரேலியாவும் எச்சரித்தது. அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று 2022இல் 10 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டது. அவர்களில் ஒருவர் கல்லீரல் செயலிழந்து இறந்துபோனார். 7 பேரிடம் ஒரே மரபணு வகை இருந்தது. அதாவது எல்லோருக்கும் வராது, வரக்கூடியவருக்கு வரும். அது யார் என்று மாத்திரை போடுவதற்கு முன்னால் நம்மில் யாருக்கும் தெரியாது. கோடிக்கணக்கானவர்கள் எடுப்பதில் இது அரிதுதான். "பக்கவிளைவே கிடையாது" என்ற வரிக்கு இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன்.

ஆன்டி ஆக்சிடன்ட் என்றால் எவ்வளவு போனாலும் நல்லதுதான் என்கிற எண்ணம் எங்கிருந்து வந்தது? நாம் மூச்சு விடும்போதும் சாப்பாட்டைச் சக்தியாக்கும்போதும் ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற, எதோடும் வேகமாக வினைபுரியும் மூலக்கூறுகள் உண்டாகின்றன, அவை செல்களைச் சேதப்படுத்துவதால்தான் மூப்பு வருகிறது என்று அமெரிக்க விஞ்ஞானி டென்ஹாம் ஹார்மன் 1956இல் சொன்னார். அதைத் தடுக்கிற பொருளை, அதாவது ஆன்டி ஆக்சிடன்டை, மாத்திரையாகக் கொடுத்தால் நோயே அண்டாது என்று பலரும் கணக்குப் போட்டார்கள். காரட்டும் கீரையும் அதிகம் சாப்பிடுகிறவர்களுக்குப் புற்றுநோய் குறைவு என்று தெரிந்ததால், அவற்றிலுள்ள பீட்டா கரோட்டினை மட்டும் பிரித்தெடுத்து ஃபின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களிடம் சோதித்தார்கள். 1994இல் வந்த முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் இதே போல நடந்த இன்னொரு சோதனையை 1996இல் பாதியில் நிறுத்தினார்கள். வைட்டமின் ஈ மாத்திரையால் ஆண்களுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக 2011இல் தெரியவந்தது. நம் வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்வதே ஃப்ரீ ராடிக்கலை ஏவித்தான். உடம்புக்கு அவை ஓரளவு வேண்டும். போதாததற்கு குளூட்டாதயோன், கேட்டலேஸ் என்று தன் சொந்த ஆன்டி ஆக்சிடன்ட்களை அது தானே தயாரித்துக்கொள்கிறது.

குர்குமினும் அதே மாதிரி கெடுதல் செய்யும் என்று நான் சொல்ல வரவில்லை. மூட்டு வலிக்குக் கேட்கிறது என்று சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. வாங்கிப் போகிறவர்களில் "பரவாயில்லை" என்று சொல்பவர்களை நானும் பார்க்கிறேன். ஆனால் 2017இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகளை அலசி, யாருக்கு மருந்து, யாருக்குப் போலி மாத்திரை என்று நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாத இரட்டை மறைப்பு முறையில் ஒழுங்காக நடந்த எதிலும் குர்குமின் தெளிவாக வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள். அவர்கள் சொன்ன ஒரு விஷயம் சுவாரசியமானது. குர்குமின் தானே ஒளிரும், எதோடும் ஒட்டிக்கொள்ளும், சீக்கிரம் சிதையும். அதனால் ஆய்வகச் சோதனையில் வேலை செய்வது போலப் பொய்த் தோற்றம் காட்டும். டெஸ்ட் ட்யூபில் ஜெயித்ததை எல்லாம் அப்படியே நம்பிவிட முடியாது.

நம் நாட்டில் இந்த மாத்திரைகள் பெரும்பாலும் மருந்துச் சட்டத்தில் வருவதில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகளின் கீழ் வருகின்றன. அதனால் டாக்டர் சீட்டு வேண்டாம், மளிகைக் கடையிலும் விற்கலாம். டப்பாவின் ஓரத்தில், மருந்தாகப் பயன்படுத்துவதற்கு இல்லை என்று சின்ன எழுத்தில் இருக்கும். முன்பக்கத்தில் மூட்டும் கல்லீரலும் படமாக இருக்கும். ரத்தம் உறையாமை மாத்திரை எடுப்பவர்கள், பித்தப்பையில் கல் உள்ளவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம் என்று அதே முன்பக்கத்தில் ஒரு வரி கட்டாயமாக வர வேண்டும். அதுவரை உங்கள் இதழாவது அந்த வரியைப் போடலாம். கட்டுரையைத் திருத்தி எழுதச் சொல்லவில்லை. மருத்துவர் பதில் பகுதியில் கல்லீரல் நிபுணர் ஒருவரிடம் கேட்டு வெளியிட்டால் போதும்.

கடைசியாக ஒன்று. அந்தக் கட்டுரைக்கு எதிர்ப்பக்கம் முழுவதும் மஞ்சள் மாத்திரை விளம்பரம் இருந்தது, அதிலும் அதே 2000 சதவீதம். இரண்டும் ஒரே இதழில் பக்கத்தில் பக்கத்தில் வந்தது தற்செயலா, இல்லை அந்தப் பக்கங்கள் சேர்த்து விற்கப்பட்டவையா என்பதை அடுத்த இதழில் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மருந்தாளர்
அல்சூர், பெங்களூரு