வாடை போய்விடும், எழுதியது மட்டும் இருக்கும்

அன்புள்ள மீனா,

நீ பயிற்சிப் பிரிவுக்கு மாறிவிட்டாய் என்று படித்ததும் சந்தோஷம். புதிதாகச் சேர்ந்த கேபின் க்ரூவுக்குக் கேபின் வாடை பற்றி வகுப்பு எடுக்கவேண்டும், மெயின்டனன்ஸ் பக்கத்திலிருந்து என்ன சொல்லலாம் என்று கேட்டிருக்கிறாய். முதலில் இதைச் சொல்: விமானம் எங்கள் கைக்கு வரும்போது வாடை போயிருக்கும். மிச்சம் இருப்பது அவர்கள் எழுதியது மட்டும்தான்.

டெக் லாகில், அதாவது விமானத்தின் கோளாறுகளைப் பதியும் புத்தகத்தில், "கேபினில் துர்நாற்றம்" என்று ஒரே வரி இருந்தால், எஞ்சினைத் தரையில் ஓட்டிப் பார்ப்போம். ஒன்றும் வராது. "கோளாறு காணப்படவில்லை" என்று கையெழுத்தாகி விமானம் கிளம்பிவிடும். காரணம் இதுதான். பெரும்பாலான ஜெட் விமானங்களில் கேபின் காற்று, காற்றை அழுத்தும் எஞ்சின் கம்ப்ரசரிலிருந்தோ ஏ.பி.யு. என்ற சிறிய துணை எஞ்சினிலிருந்தோ எடுக்கப்படுகிறது. போயிங் 787 மட்டும் விதிவிலக்கு. அதற்குத் தனி மின் கம்ப்ரசர்கள். பேரிங் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் சீல்கள் பல காற்றழுத்தத்தை நம்பியே வேலை செய்கின்றன. ஸ்டார்ட், டேக்-ஆஃப், இறங்கத் தொடங்கும்போது (டிசென்ட்) த்ரஸ்ட்டை, அதாவது எஞ்சினின் உந்துவிசையைக் குறைப்பது என்று அழுத்தம் மாறும் நேரங்களில்தான் துளி எண்ணெய் காற்றுக்குள் நழுவும். தரையில் ஐடிலில், அதாவது மிகக் குறைந்த வேகத்தில், சீராக ஓட்டினால் அந்தச் சூழ்நிலை பெரும்பாலும் உருவாகாது.

அதனால் எங்களுக்கு உதவுகிற வரி இப்படி இருக்கும்: "டிசென்ட்டுக்கு த்ரஸ்ட் குறைத்த உடனே, பின்பக்கச் சமையலறையில் (கேலி) அழுக்கு சாக்ஸ் வாடை, நான்கு நிமிடம், புகை தெரியவில்லை, ஏ.பி.யு. ஆஃப்." இதைப் படித்தால் எந்த பேக் (காற்றைக் குளிராக்கிக் கேபினுக்கு அனுப்பும் கருவி), எந்த எஞ்சின் என்று தேட ஒரு திசை கிடைக்கும். எண்ணெய்ச் செலவுக் கணக்கைப் பார்ப்போம், குழாய்க்குள் துணியால் துடைத்துப் பார்ப்போம், போரஸ்கோப் என்ற நுழைகேமராவை உள்ளே விடுவோம். பைலட்டுகள் ஒரு பேக்கை அணைத்ததும் வாடை குறைந்ததா, கூடியதா என்பது அதைவிடப் பெரிய துப்பு. அதை ஏனோ யாரும் எழுதுவதில்லை.

வாடையின் வகையையும் சொல்லிக்கொடு. அழுக்கு சாக்ஸ், நனைந்த நாய் மாதிரி என்றால் எஞ்சின் எண்ணெயைச் சந்தேகிப்போம். ஆனால் பேக்கில் தண்ணீரைப் பிரிக்கும் பை அழுக்கேறினாலும் கிட்டத்தட்ட இதே நாற்றம்தான், அதனால் மூக்கை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. மூக்கைக் குத்தும் காரநெடி என்றால் ஹைட்ராலிக் திரவம். இனிப்பு வாடை, அதுவும் டி-ஐசிங் (விமானத்தின் மேலுள்ள பனியைத் திரவம் தெளித்து அகற்றுவது) முடிந்த கையோடு வந்தால், அந்தத் திரவம் ஏ.பி.யு. வாய்க்குள் போயிருக்கும். எரிந்த பிளாஸ்டிக் என்றால் அது வேறு கதை. மின்சாரக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு ஓடவேண்டியதுதான். சில நிமிடத்தில் மூக்கு பழகிவிடும் என்பதையும் அழுத்திச் சொல். "இப்போது வாடை இல்லை" என்று பின்னால் இருப்பவர் சொன்னால் நம்பாதே, முன்பக்கத்திலிருந்து ஒருவரை வரவழைத்து முகரச் சொல்.

தற்காப்பைப் பற்றிப் பெரிய குழப்பம் உண்டு. கேபின் காற்றை வடிகட்டும் ஹெபா ஃபில்டர் துகளைப் பிடிக்கும், ஆவியை விட்டுவிடும். பயணிகள் தலைக்கு மேலிருந்து விழும் மாஸ்க் ஆக்சிஜனோடு கேபின் காற்றையும் கலந்தே தருவதால் நெடிக்குத் தடுப்பாகாது. பைலட்டுகளுக்கு 100 சதவீத ஆக்சிஜன் மாஸ்க் இருக்கிறது. சந்தேகம் வந்ததுமே மாட்டிக்கொள்ள வேண்டும், உறுதியாகட்டும் என்று காத்திருக்கக்கூடாது. கேபின் க்ரூவின் புகைத்தடுப்பு முகமூடி சுமார் 15 நிமிடம்தான் தாங்கும்.

தலைவலி, தலைசுற்றல், தொண்டை எரிச்சல் யாருக்கு, எந்த இருக்கையருகே, எப்போது என்று ரிப்போர்ட்டில் வரட்டும். கார்பன் மோனாக்சைடு சந்தேகமிருந்தால் இறங்கியவுடன் ரத்தம் எடுக்கவேண்டும். சாதாரணக் காற்றில் நான்கைந்து மணி நேரத்தில் அது ரத்தத்தில் பாதியாகிவிடும். ஆக்சிஜன் கொடுத்தால் இன்னும் வேகமாக. மறுநாள் எடுத்த ரிப்போர்ட் "நார்மல்" என்று வந்தால் அதற்கு அர்த்தமே இல்லை.

எதை எங்கே எழுதுவது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். விமானத்தை நிறுத்திப் பார்க்க வைப்பது டெக் லாக் மட்டுமே. கேபின் லாகில் எழுதினால் கேப்டனிடம் சொல்லி டெக் லாகிலும் ஏற்றவேண்டும். பாதுகாப்பு ரிப்போர்ட் தனி. ஐரோப்பாவில் 376/2014 விதிப்படி அதை 72 மணி நேரத்துக்குள் அனுப்பவேண்டும். விமானத்துக்குள் புகையும் நச்சு நெடியும் கட்டாயப் பட்டியலில் இருக்கின்றன. நாசா 1976 முதல் அமெரிக்காவில் நடத்தும் ரகசிய ரிப்போர்ட்டிங் முறைக்கு 10 நாள் கணக்கு உண்டு, அதற்குள் அனுப்பினால்தான் தண்டனையிலிருந்து சலுகை கிடைக்கும். ஆனால் ரகசிய ரிப்போர்ட்டால் அடுத்த ஃப்ளைட் நிற்காது. அதை மட்டும் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ரிப்போர்ட் படிவத்துக்கு, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. 2015இல் வெளியிட்ட சர்க்குலர் 344 நல்ல தொடக்கம்.

ஸ்லைடுகள் தயாரானதும் அனுப்பு, பார்த்துத் திருத்தித் தருகிறேன். தண்ணீர் பிரிக்கும் பையின் படங்கள் என்னிடம் இருக்கின்றன, புதியதும் எண்ணெய் ஊறியதும். வேண்டுமானால் சேர்த்துக்கொள்.

அன்புடன்,
சுதா