எரிந்த கடைக்கெல்லாம் மின்கசிவுதான் காரணமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கடை எரிந்தாலும் வீடு எரிந்தாலும் செய்தியின் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: ‘மின்கசிவு காரணமாகத் தீப்பற்றியதாகக் கூறப்படுகிறது.’ மின்வேலை தெரிந்தவர்களுக்கு இந்த வரி உறுத்தும். மின்கசிவு என்பது ஒரு குறிப்பிட்ட கோளாறின் பெயர். பேஸ் ஒயரில் போகும் மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்பாமல், ஒரு பங்கு கெட்டுப்போன இன்சுலேஷன் வழியே எர்த்துக்கு ஒழுகுவதைத்தான் அப்படிச் சொல்ல வேண்டும். கசிவால் தீப்பிடிக்காது என்றில்லை. 230 வோல்ட்டில் 300 மில்லி ஆம்பியர் ஒரே இடத்தில் கசிந்தால் 69 வாட் சூடு. தூசி படிந்த பலகைக்கு அது போதும். ஆனால் போனதற்கும் வந்ததற்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே, கசிவைக் கண்டு மின்சாரத்தை நிறுத்தும் ஆர்சிசிபி என்ற சுவிட்ச் விழுந்துவிடும். பேஸும் நியூட்ரலும் நேரே தொட்டுக்கொள்ளும் ஷார்ட் சர்க்யூட்டை, அளவுக்கு மீறி மின்சாரம் போனால் விழும் எம்சிபி என்ற சுவிட்ச் கண்ணிமைக்கும் நேரத்தில் அறுத்துவிடும்.

இரண்டுக்கும் பிடிபடாத ஒன்று உண்டு. லூஸ் காண்டாக்ட், அதாவது ஒயர் இறுக்கமாகப் பிடிக்காத இணைப்பு.

3 கிலோவாட் ஹீட்டர் 13 ஆம்பியர் இழுக்கும். அதன் சாக்கெட்டில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்து, அந்த இடத்தில் மட்டும் 0.1 ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 13 × 13 × 0.1, ஏறக்குறைய 17 வாட். 15 வாட் சாலிடரிங் அயர்ன் ஈயத்தை உருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் விரல் நகமளவு பித்தளையில் இந்தச் சூடு என்ன செய்யும் என்பது புரியும். எம்சிபிக்குத் தெரிவது 13 ஆம்பியர் மட்டுமே. அது அனுமதித்த அளவுதான். போன 13 ஆம்பியரும் அப்படியே திரும்பி வருவதால் ஆர்சிசிபியும் சும்மா இருக்கும். டெஸ்டரை வைத்தால் பளிச்சென்று எரியும். அதற்கு மைக்ரோ ஆம்பியர் கணக்கில் இருந்தாலே போதுமே. ஹீட்டர் ஓடும்போது சூட்டில் விரிந்து, அணைத்ததும் சுருங்கி, அந்தப் பிடிப்பு நாளுக்கு நாள் தளரும். செம்பின் மேல் கறுப்பாக ஆக்சைடு படியும். தடை இன்னும் ஏறும்.

இந்த லூஸ் வருவது பெரும்பாலும் ஒயரைச் செருகும் அந்த அரை நிமிடத்தில். பிளேடால் தோலை உரிக்கும்போது நாலைந்து இழைகள் அறுந்துபோகும். ஸ்க்ரூ செம்பைப் பிடிக்காமல் இன்சுலேஷனைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கெட்டியாக இருக்கட்டும் என்று ஒயர் முனையில் ஈயம் பூசி ஸ்க்ரூவில் இறுக்குவோரும் உண்டு. நல்ல எண்ணம்தான், ஆனால் ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி விலகும், சில மாதங்களில் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். இழை ஒயருக்கு முனையில் லக் என்ற உலோகக் குப்பியை அழுத்திப் பொருத்துவதே முறை. அலுமினிய ஒயரையும் செம்பு ஒயரையும் வெறுமனே முறுக்கி டேப் சுற்றுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தீ வைக்காத லூஸ் ஒயரும் எவ்வளவு செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் பால்டிமோர் பாலம் இருக்கிறது. 2024 மார்ச் 26 அன்று ‘டாலி’ என்ற சரக்குக் கப்பல் மோதி பாலம் இடிந்து, அதில் வேலை செய்துகொண்டிருந்த 6 பேர் இறந்தார்கள். கப்பலில் மின்சாரம் முதலில் அணைந்ததற்கான காரணத்தை அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2025 நவம்பரில் அறிவித்தது. ஒயரின் அடையாளப் பட்டை தவறான இடத்தில் மாட்டப்பட்டிருந்ததால், அந்த ஒயர் அதற்குரிய முனையத்துக்குள் முழுதாகப் போகவில்லை. ஆயிரக்கணக்கான ஒயர்களில் அது ஒன்று.

மூன்று பேஸ் இணைப்பில் நியூட்ரல் லூஸானால் கதை வேறு. நியூட்ரல் விட்டுப்போன நேரத்தில் ஒரு பேஸில் 2,000 வாட் ஹீட்டரும் இன்னொன்றில் 100 வாட் பல்பும் மட்டும் ஓடினால், இரண்டும் அந்த இரு பேஸுக்கும் இடையே உள்ள 400 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடராக வந்துவிடும். அதில் பல்பின் பங்கு சுமார் 380 வோல்ட். ஒரு அறையில் விளக்கு மங்கி மற்றொன்றில் திடீரென்று பிரகாசித்தால் உடனே மெயினை அணைக்க வேண்டும்.

லூஸைக் கண்டுபிடிக்க லோடு, அதாவது ஹீட்டர் போன்ற சாதனம், ஓட வேண்டும். 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் 20 மீட்டர் ஓடினால், 13 ஆம்பியரில் எம்சிபிகள் இருக்கும் டிபி பெட்டிக்கும் சாக்கெட்டுக்கும் இடையே 4 வோல்ட் குறையும். 8, 10 என்று குறைந்தால் வழியில் ஏதோ ஓர் இணைப்பு சூடாகிறது. இதை அளப்பது மின்பணியாளர் வேலை. மற்றவர்களுக்கு மூக்கும் கையும் போதும்: சூடான பிளக், பழுப்பேறிய சாக்கெட், எங்கிருந்தோ வரும் மீன் கவிச்சி போன்ற வாடை. அடிக்கடி டிரிப் ஆகிறதென்று 16 ஆம்பியர் எம்சிபியைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் போடுவது மட்டும் கூடவே கூடாது. 2.5 சதுர மி.மீ. ஒயர் எரிந்தாலும் அது விழாமல் நிற்கும்.

எரிந்த ஒயரில் செம்பு உருண்டு மணி மணியாக இருந்தால் அதையே ஷார்ட் சர்க்யூட்டுக்குச் சாட்சியாகக் காட்டுவது வழக்கம். வேறெங்கோ தொடங்கிய தீ இன்சுலேஷனை எரித்து, அதன் பிறகு ஒயர்கள் தொட்டுக்கொண்டாலும் அதே மணிகள்தான் உருவாகும். எனவே தீ அணைந்த அன்றே காரணம் எழுத வேண்டிய கட்டாயம் செய்தியாளருக்கு இல்லை. ‘காரணம் விசாரிக்கப்படுகிறது’ என்று போடுங்கள்; ஆய்வறிக்கை வந்ததும் எந்த இணைப்பு, என்ன கோளாறு என்று நாலு வரியாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
மின்பணி மேற்பார்வையாளர் ஒருவர்