சுண்ணாம்புப் பூச்சு உதிர்வது எதனால்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய கட்டடங்களைச் சுண்ணாம்புப் பூச்சால் புதுப்பிப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கடுக்காய், வெல்லம், முட்டை வெண்கரு ஆகிய சேர்மானங்களைப் பற்றி விரிவாக எழுதியவர், சுண்ணாம்பை நீற்றும் பக்குவத்தை ஒரே வரியில் கடந்துவிட்டார். பூச்சு நிற்பதும் உதிர்வதும் பெரிதும் அந்தப் பக்குவத்தில்தான் இருக்கிறது.

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால், கரியமில வாயு வெளியேறிக் கால்சியம் ஆக்சைடு மிஞ்சும். இதைத் தொட்டி நீரில் இட, கட்டிகள் பிளந்து, ஆவி பறக்கக் கொதித்து, கால்சியம் ஹைட்ராக்சைடாகிய நீற்றிய சுண்ணாம்பாகும். கணக்குப்படி 100 கிலோவுக்கு 32 லிட்டர் நீர் போதுமென்றாலும், கொதிப்பில் ஒரு பங்கு ஆவியாகிவிடுவதால் தாராளமாகவே வேண்டும்.

கொதி அடங்கிய அன்றே மணலோடு குழைத்துவிடுவதில்தான் வினை தொடங்குகிறது. அளவுக்கு மீறி வெந்த கட்டிகள் மிக மெதுவாகவே நீறும். அவை அப்படியே பூச்சுக்குள் போனால், மாதங்கள் கழித்தும் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து மேற்பரப்பைத் தள்ளிவிடும். புதுப்பித்த சுவரில் காசளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தால் குழியின் அடியில் பாருங்கள், பெரும்பாலும் கடுகளவு வெள்ளைத் துணுக்கு ஒன்று தெரியும். இதற்குக் கொத்தனாரைக் குறை சொல்வது நியாயமன்று. சல்லடையில் வடித்து, மேலே நீர் நிற்கும்படி வாரக்கணக்கில் ஊறவிட அவருக்கு யார் நாள் கொடுக்கிறார்கள்?

சுண்ணாம்பு ‘காய்ந்து’ இறுகுகிறது என்று கட்டுரையில் உள்ளதும் முழு உண்மையன்று. காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக மாறுவதாலேயே அது கல்லாகிறது. இந்த மாற்றத்துக்குச் சிறிது ஈரமும் வேண்டும் என்பதால், வெயிலில் சட்டென உலர்ந்த பூச்சு கையோடு மாவாக வரும். பூசிய சில நாளிலேயே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்துக் காற்றை அடைப்பதும் இதே கேட்டைத்தான் தரும்.

சுண்ணாம்பு நீரில் கரைவது லிட்டருக்கு 2 கிராமுக்கும் குறைவுதான். ஆயினும் அந்தத் தெளிநீரின் காரத்தன்மை பி.எச். 12-ஐத் தாண்டும். கண்ணில் தெறித்தால் கருவிழியையே புண்ணாக்கிவிடும். உடனே நல்ல நீரால் இடைவிடாமல் கழுவிக்கொண்டு மருத்துவரிடம் விரைய வேண்டும்.

அரசுக் கட்டடங்களின் புதுப்பிப்பு ஒப்பந்தங்களிலாவது, நீற்றி ஊறவிடும் நாட்களையும் தொழிலாளருக்கான கண்ணாடி, கையுறைச் செலவையும் தனி இனமாகக் காட்ட வேண்டுமெனப் பொதுப்பணித் துறையைத் தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி.