குறிப்பின் மீதிப் பாதி எங்கே?

கைவைத்தியக் குறிப்பு சொல்லும் சேனல்காரர்களுக்கும், அதைப் பார்த்த கையோடு தெரிந்த குரூப்புக்கெல்லாம் தள்ளிவிடுகிறவர்களுக்கும் வணக்கம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கைவைத்தியத்துக்கு எதிரி இல்லை. தொண்டை கரகரத்தால் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கிறவன்தான், வண்டியில் குமட்டினால் இஞ்சியைத் தேடுகிறவன்தான். பல்வலியில் இராத்திரி ஒரு மணிக்குக் கிராம்பைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததும் உண்டு. (கிராம்பில் இருக்கும் யூஜெனால் வலியை மரத்துப்போகச் செய்யும், பல் டாக்டர்களே அதைத் தற்காலிகச் சிமென்ட்டில் கலந்து அடைக்கிறார்கள்.) அதனால் 'இவன் ஆங்கில மருத்துவத்தின் ஆள்' என்று ஒதுக்கிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடாதீர்கள். என் சண்டை இலைதழையோடு இல்லை, உங்களோடு. நீங்கள் குறிப்பில் பாதியைத்தான் சொல்கிறீர்கள்.

என் கதையைச் சொன்னால் புரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வறட்டு இருமல், சளியெல்லாம் போன பிறகும் இது மட்டும் போகவில்லை. உங்களில் ஒருவர் போட்ட வீடியோ வந்து சேர்ந்தது. அதிமதுரக் கஷாயம், தினமும் குடிக்கலாம், பக்கவிளைவே கிடையாது, முழுக்க முழுக்க இயற்கை. சரி என்று ஆரம்பித்தேன். மற்ற கஷாயம் மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்க வேண்டியதில்லை, இனிப்பாக இருந்தது. பத்து நாளில் இருமல் போயிற்று, நான் நிறுத்தவில்லை. ஏன் நிறுத்த வேண்டும், தினமும் குடிக்கலாம் என்றுதானே சொன்னீர்கள்? காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர், ஏழெட்டு வாரம் ஓடியது. அப்புறம் கணுக்கால் வீங்க ஆரம்பித்தது, மாடிப்படி ஏறினால் தொடை துவண்டது, தலை எப்போதும் கனமாகவே இருந்தது. போய்ப் பார்த்தால் பிபி 168/104, ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு. அந்த டாக்டர் மாத்திரை எழுதுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வீட்டுல ஏதாவது கஷாயம் குடிக்கிறீங்களா?"

அதிமதுரத்துக்கு இனிப்பைக் கொடுக்கிற கிளிசிரைசின் என்ற பொருள்தான் இந்த வேலையைச் செய்கிறதாம். அது தொடர்ந்து உள்ளே போனால் சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது, உப்போடு தண்ணீரும் தங்குகிறது, பிபி ஏறுகிறது. கஷாயத்தை நிறுத்தியதும் சில வாரங்களில் எல்லாம் இறங்கிவிட்டது, நல்லவேளை. பிறகு அந்த வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எட்டு நிமிடத்தில் ஓர் இடத்தில்கூட எவ்வளவு, எத்தனை நாள், யார் குடிக்கக் கூடாது என்று இல்லை. கீழே ஒருவர் "எத்தனை நாள் குடிக்கணும் சார்?" என்று கேட்டிருந்தார். அதற்கு உங்கள் பதில் இரண்டு கும்பிடு பொம்மை.

பழைய வைத்தியத்தைத்தானே சொல்கிறோம் என்பீர்கள். பழைய வைத்தியத்தில் அளவுக்கென்றே தனிச் சொற்கள் இருந்தன. விரல் நுனியால் அள்ளினால் வெருகடி, நிறுத்துப் போட்டால் வராகன் எடை, கழஞ்சு. எதோடு சேர்த்துக் கொடுப்பது என்பதற்கு அனுபானம், எதை விலக்குவது என்பதற்குப் பத்தியம், எத்தனை நாள் என்பதற்கு ஒரு மண்டலம், அரை மண்டலம். நஞ்சுள்ள சரக்கு என்றால் சுத்தி, அதாவது நஞ்சை முறிக்கும் சுத்திகரிப்பு, செய்யாமல் தொடவே மாட்டார்கள். இவ்வளவையும் வெட்டிவிட்டுச் செடியின் பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு 'முன்னோர் சொன்னது' என்றால், அந்த முன்னோரே எழுந்து வந்து உங்களைத் திட்டுவார்கள். அவர்கள் நோயாளியின் முகத்தைப் பார்த்து, நாடியைப் பிடித்து, நாளைக்கு வா என்று சொல்லிக் கொடுத்தார்கள். உங்கள் வீடியோ யார் முகத்தையும் பார்ப்பதில்லை. எழுபது வயதுக்காரருக்கும் ஏழு மாதக் குழந்தைக்கும் ஒரே குறிப்புதான் போகிறது.

ஏழு மாதக் குழந்தை என்றதும் தேன் ஞாபகத்துக்கு வருகிறது. இருமலுக்குத் தேன் நல்லதுதான், ஒரு வயது தாண்டிய குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்ததில் சும்மா விடுவதைவிடத் தேன் கொடுத்தால் இரவு இருமல் குறைகிறது என்று தெரிந்திருக்கிறது, தூங்கும் முன் அரை டீஸ்பூனோ ஒரு டீஸ்பூனோ போதும். ஆனால் ஒரு வயதுக்குக் கீழே ஒரு சொட்டுகூடக் கூடாது. தேனில் சில சமயம் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும். நம் குடலில் அவற்றால் முளைக்க முடியாது, கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். முதலில் மலச்சிக்கல், பிறகு அழுகை மெலியும், பால் உறிஞ்சத் தெம்பு இருக்காது, கழுத்து தொங்கும், கடைசியில் மூச்சு விடவும் தசை ஒத்துழைக்காது. கைக்குழந்தைக்கு வரும் இந்த நோயை 1976இல்தான் அடையாளம் கண்டார்கள். 'நாங்கள் காய்ச்சித்தான் கொடுக்கிறோம்' என்பவர்களுக்கு: அடுப்பில் சூடாக்கினால் அந்த வித்துகள் சாகாது.

அளவையும் சேர்த்துச் சொன்னால் கைவைத்தியம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, உலகத்திலேயே பெரிய உதாரணம் உங்கள் கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் அதை ஒருவரும் வீடியோ போடுவதில்லை (பார்க்க அழகாக இருக்காது போல). உப்புச் சர்க்கரைத் தண்ணீர். 1971இல் வங்கதேசப் போரின்போது அகதி முகாமில் காலரா பரவியது, ஏற்றுவதற்கு சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹாலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம் டிரம்மாக வைத்து வாய்வழியே கொடுக்கச் சொன்னார், சாவு விகிதம் சரசரவென்று இறங்கியது. அடுத்து 1980 முதல் பத்து வருடம் வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு அமைப்பு வீடு வீடாகப் போய்த் தாய்மாருக்கு இதைக் கற்றுக்கொடுத்தது. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர். 1.2 கோடி வீடுகளுக்கு மேல் போனார்கள். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் வேறு. கற்றுக்கொடுத்த பெண்களுக்கு எத்தனை வீட்டுக்குப் போனார்கள் என்று எண்ணிச் சம்பளம் போடவில்லை. கொஞ்ச நாள் கழித்து வேறொருவர் போய்ச் சில தாய்மாரைக் கலந்து காட்டச் சொல்வார், அவர்கள் எவ்வளவு சரியாக ஞாபகம் வைத்திருந்தார்களோ அதைப் பொறுத்துத்தான் சம்பளம். உங்களுக்கு எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதற்குக் காசு வருகிறது, பார்த்தவர் என்ன கலந்தார் என்று ஒருவராவது திரும்பிக் கேட்டதுண்டா?

(வீட்டு அளவு வேண்டுமென்றால்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தட்டையாக வழித்த 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பாக்கெட் கிடைத்தால் பாக்கெட்டே நல்லது. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, குத்துமதிப்பாகப் போடாதீர்கள்.)

அளவு மட்டுமில்லை, செய்முறையும் அப்படித்தான். மலேரியாவுக்கு மருந்து தேடி 1967இல் சீனாவில் ஒரு பெரிய திட்டம் ஆரம்பித்தது. அதில் து யூயூ என்ற ஆய்வாளர் நம் மரிக்கொழுந்துக்கு உறவான ஒரு செடியைப் பிடித்தார், காய்ச்சி வடித்துப் பார்த்தால் பலன் ஒருநாள் இருந்தது, ஒருநாள் இல்லை. 4ஆம் நூற்றாண்டு மருத்துவர் கெ ஹோங் எழுதியதைத் திரும்பப் படித்தபோதுதான், அவர் காய்ச்சச் சொல்லவே இல்லை, தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கத்தான் சொல்லியிருக்கிறார் என்பது உறைத்தது. சூடு மருந்தைக் கெடுக்கிறது. குறைந்த வெப்பத்தில் எடுத்தார், ஆர்டிமிசினின் கிடைத்தது, 2015இல் நோபல் பரிசும் கிடைத்தது. கெ ஹோங்கும் உங்களைப் போலச் செய்முறையை விட்டுவிட்டுச் செடியின் பெயரை மட்டும் எழுதியிருந்தால்?

அடுத்தது, 'எனக்கு ரெண்டே நாளில் சரியாகிவிட்டது' என்ற சாட்சிகள். சளி, வயிற்றுப்போக்கு, தொண்டைவலி இதெல்லாம் பெரும்பாலும் தானாகவே போகிற உபாதைகள். மருந்து சாப்பிட்டால் ஒரு வாரம், சாப்பிடாவிட்டால் ஏழு நாள் என்று ஊரே சொல்லும். ஐந்தாம் நாள் எதைக் குடித்தோமோ அது பேர் வாங்கிக்கொள்கிறது. மஞ்சள் காமாலையும் அப்படித்தான், ஹெபடைட்டிஸ் ஏ வைரஸால் வந்ததென்றால் அநேகம் பேருக்குச் சில வாரங்களில் தானாகத் தணியும், கீழாநெல்லி மாலை வாங்கும். பி வைரஸுக்கு? அதைச் சோதித்தே பார்த்தார்கள். பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய பிளம்பெர்க் என்பவரும், சென்னை ஆய்வாளர் தியாகராஜனின் குழுவும் சேர்ந்து 1988இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். கீழாநெல்லித் தூள் சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது, வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. படித்ததும் எழுந்து நின்று கைதட்டலாம் போலிருக்கும். ஆனால் வேறு இடங்களில் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் வரவில்லை. எனக்கு வருத்தம்தான். ஆனாலும் மூலிகைக்குக் கொடுக்கிற மரியாதை என்றால் அது இதுதான், நிறுத்து, எண்ணி, ஒப்பிட்டு, பிறகு திரும்பவும் செய்து பார்ப்பது. நீங்கள் அந்தக் கதையின் முதல் பாதியை மட்டும் சொல்லி 'விஞ்ஞானமே ஒப்புக்கொண்டது' என்று தலைப்பு வைக்கிறீர்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், கோபம் ஏறுகிறது. தீப்புண்ணுக்குப் பற்பசை வேண்டாம், வெண்ணெய் வேண்டாம், ஐஸ் வேண்டாம், ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டினால் போதும், பெரிய புண் என்றால் அதோடு ஆஸ்பத்திரிக்கு. கொதிக்கும் பாத்திரத்தை மடியருகே வைத்துக் குழந்தைக்கு ஆவி பிடிக்க வைக்காதீர்கள், சளி குறைவது சந்தேகம், வெந்துபோவது நிஜம். வேப்பெண்ணெயைக் கைக்குழந்தையின் வாயில் ஊற்றி வலிப்பு வந்து மூளை பாதித்த கேஸ்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கற்பூரமும் அப்படித்தான், விழுங்கிய சில நிமிடத்திலேயே வலிப்பு வரலாம். சுரைக்காய்ச் சாறு கசந்தால் துப்பிவிட வேண்டும், 'கசப்புதான் மருந்து' என்று குடித்தால் ரத்த வாந்தி வரை போகும். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் கூடவே வெந்தயத்தை அள்ளிப் போட்டால் சர்க்கரை தேவைக்கு மேல் இறங்கலாம், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் பூண்டை மருந்து மாதிரி விழுங்கினால் ரத்தக்கசிவு வரலாம். இதில் எதுவும் ரகசியம் இல்லை, உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும் என்றுகூட நினைக்கிறேன். சொன்னால் வீடியோவின் வேகம் குறையும், அவ்வளவுதான்.

'இயற்கைதானே, என்ன ஆகப்போகிறது' என்று முடிக்கிறீர்களே, அரளி விதையும் இயற்கைதான். செங்காந்தள் கிழங்கில் இருக்கும் கோல்ச்சிசின்தான் கௌட் என்ற மூட்டுவலிக்கு மாத்திரையாக வருகிறது, அதே கிழங்கைத் தின்று செத்தவர்களும் உண்டு.

நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு குறிப்பிலும் நான்கு வரி சேருங்கள்: எவ்வளவு, எத்தனை நாள், யாருக்குக் கூடாது, எது தெரிந்தால் இதை விட்டுவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். கடைசி வரியை விழுங்கிவிடாதீர்கள். மூன்று மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் காய்ச்சல், காமாலையோடு மனக்குழப்பம், எதைக் குடித்தாலும் வாந்தி, மூச்சு இழுப்பு, இதற்கெல்லாம் அஞ்சறைப்பெட்டியைத் திறக்கக் கூடாது என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள், நான் சொன்னால் கேட்காதவர்கள் நீங்கள் சொன்னால் கேட்பார்கள். பகிர்கிறவர்களுக்கும் அதேதான், இந்த நாலு வரி இல்லாத குறிப்பு வந்தால் உங்கள் கையோடு நிற்கட்டும்.

அதற்கு நேரமாகும் என்றால் இப்போதைக்கு ஒன்றே ஒன்று செய்யுங்கள். உங்களில் ஒருவர் போட்ட தேன் வீடியோவின் தலைப்பில் 'பச்சிளங்குழந்தை முதல் பெரியவர் வரை' என்று இருக்கிறது. அந்த முதல் இரண்டு வார்த்தையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அதிமதுரத்தை இனிமேல் அளந்து போடும் ஒருவன்