ஜூலை 10-க்குள் இன்னும் 3,37,500 ரூபாய்: நம் ஊர் ஆஸ்பத்திரிக்கு ஆக்சிஜன் குழாய்

ஊர்ப் பெரியவர்களுக்கும், சிங்கப்பூர், குவைத் என்று பிழைக்கப் போயிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஆஸ்பத்திரி கமிட்டியின் வணக்கம்.

கொரோனா இரண்டாவது அலையில், இந்த 2021 மே மாதம் நாம் பட்ட பாடு தெரிந்ததுதான். நம்மிடம் இருந்தது ஆறு பெரிய சிலிண்டர். ஒன்றில் 7,000 லிட்டர் பிடிக்கும். நிமிஷத்துக்கு 10 லிட்டர் தேவைப்படுகிற ஒருவருக்கே பதினொன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நாலு பேர் படுத்திருந்த அன்று ஆறும் ஒரு நாளைக்குத் தாங்கவில்லை. காலி சிலிண்டர்களை நெல் ஏற்றும் டாட்டா ஏஸில் போட்டுக்கொண்டு போன பையன் ராத்திரி முழுக்க வரிசையில் நின்று விடிந்துதான் திரும்பினான். அதுவரை நர்ஸம்மா மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாரியம்மன் காப்பாற்றினாள். மூன்றாவது அலை வரும் என்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் அவள் தலையிலேயே பாரத்தைப் போட்டால் எப்படி?

அறுபது வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு கலம் நெல் என்று போட்டுக் கட்டிய ஆஸ்பத்திரி இது. சூளையிலிருந்து செங்கலைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தவர்கள் நம் பாட்டிமார்கள். முதல் டாக்டர் சைக்கிளில் வந்தார், அவருக்குச் சம்பளமும் நெல்தான். ஊரில் ஐம்பதைத் தாண்டியவர்களில் பாதிப் பேர் அந்த மேற்கு அறையில் பிறந்தவர்கள், இதை எழுதுகிற எங்களில் இருவர் உட்பட.

ஆஸ்பத்திரியிடமே பணம் இல்லையா என்று சிலர் கேட்கிறீர்கள். ஓபி சீட்டு 30 ரூபாய், அதில் என்ன மிஞ்சும்? பிரசவமும் குடலிறக்க ஆபரேஷனும்தான் சோறு போட்டன. போன வருஷ ஊரடங்கோடு அவை படுத்துவிட்டன, சம்பளமும் கரண்ட் பில்லும் படுக்கவில்லை. மாஸ்க் செலவு வேறு. மூன்றடுக்கு மாஸ்க்கை 10 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று போன வருஷம் அரசாங்கமே விலை கட்டியது, அந்த விலைக்கு நமக்குக் கிடைத்தால்தானே.

சரி, கணக்கு. பத்துப் படுக்கைக்குச் செப்புக் குழாய் 3,80,000. சிலிண்டர் பத்து 1,40,000. காற்றிலிருந்தே ஆக்சிஜன் பிரிக்கும் கான்சென்ட்ரேட்டர் இரண்டு 1,70,000. ஜெனரேட்டர் ரிப்பேர் 60,000. ஆக 7,50,000. கையில் 4,12,500. செம்பு விலை ஏறிக்கொண்டே போவதால் ஜூலை 10 வரைதான் இந்த ரேட் என்று குழாய் போடுகிறவர் சொல்லிவிட்டார்.

கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? கஜா புயலில் கூரை பறந்தபோது தன் வீட்டு ஓட்டை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தகரம் வாங்கித் தந்த குடும்பம் இந்தத் தடவையும் முதலில் வந்தது. கீழத்தெரு இளைஞர் மன்றம், குவைத் பிள்ளைகள், பள்ளிவாசல் ஜமாஅத், மாதா கோவில் பங்கு மக்கள் எல்லோருக்கும் ஊர் கடன்பட்டிருக்கிறது. அப்புறம் வடக்குத்தெருவில் தனியாக இருக்கும் ஒரு ஆத்தா, ரேஷன் கடையில் கிடைத்த கொரோனா நிவாரணம் 2,000-த்தில் 500-ஐ முந்தானையில் முடிந்து எடுத்துவந்து வைத்தார். வேண்டாம் ஆத்தா என்றோம். கோபித்துக்கொண்டார்.

மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தாச்சு, குறுவைச் செலவு கழுத்தை நெரிக்கிறது, புரிகிறது. ஆனால் கும்பாபிஷேகத்துக்கு மூன்றே மாதத்தில் வசூல் செய்த ஊர் இது. அப்போது கல்வெட்டில் பேர் வரவேண்டும் என்று வீடு தேடி வந்தவர்களில் சிலர் இப்போது போனை எடுப்பதில்லை. பேர் சொல்லமாட்டோம், அவர்களுக்கே தெரியும்.

ஞாயிறு காலை பிள்ளையார் கோவில் வாசலில் உட்கார்ந்திருப்போம். வெளியூரில் இருப்பவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கொடுத்தனுப்பலாம். ரசீது இல்லாமல் யார் கையிலும் கொடுக்காதீர்கள், கமிட்டி ஆள் என்றாலும்.

இப்படிக்கு,
ஆஸ்பத்திரி கமிட்டி