கால் மாறிய டிரான்சிஸ்டர்

ஆசிரியருக்கு வணக்கம்.

குடியாத்தத்தில் 30 வருடத்துக்கு மேல் ரேடியோ, டேப் ரெக்கார்டர், டிவி பழுது பார்த்தவன் நான். கடையை மூடிவிட்டாலும் மின்சாரம் அளக்கும் மீட்டரைக் கைவிடவில்லை. வேலூர், ராணிப்பேட்டை பக்கம் எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகம் விற்பவர்கள் காதில் ஒரு விஷயத்தைப் போடத்தான் இதை எழுதுகிறேன்.

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் பேரன் கிட்டார் வாசிப்பான். கடையில் விற்கும் பெடல் வாங்கக் கட்டுப்படியாகாது என்று, பழைய அலுமினிய டிபன் டப்பாவுக்குள் 9 வோல்ட் பேட்டரியும், சத்தத்தைப் பெருக்கும் மூன்று கால் டிரான்சிஸ்டர் ஒன்றும் வைத்துத் தானே ஒரு பூஸ்டர் பெடல் செய்தான். ஸ்விட்சை மிதித்தால் சத்தம் எகிற வேண்டும். தொண்டை கட்டியதுபோல் மங்கலாகத்தான் வந்தது. மூன்று ராத்திரி அதோடு மல்லுக்கட்டினான். மின்சாரத்தை மட்டுப்படுத்தும் 2.2 மெகா ஓம் ரெசிஸ்டர் மீட்டரில் குறைவாகக் காட்டுகிறது என்று அதையும் பிடுங்கி மாற்றியிருக்கிறான். போர்டில் கோர்த்திருக்கும்போது அளந்தால், மீட்டரின் மின்சாரம் பக்கத்து டிரான்சிஸ்டர் வழியாகவும் ஓடும். ஒரு காலையாவது தூக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும். அதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. "எனக்கு இது வராது தாத்தா" என்று டப்பாவை என் முன்னால் வைத்தான். மனசு கேட்கவில்லை.

டிரான்சிஸ்டரின் மூன்று கால்களுக்கு கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று பெயர். கலெக்டர் கால் என்று அவன் காட்டிய இடத்தில் நாலரை வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். 8க்கு மேல் நின்றது. டிரான்சிஸ்டரைக் கழற்றி, லென்ஸ் வைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அதன் மேலிருந்த எண் 2என்3904. அவன் கேட்டதோ பிசி547. "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி" என்று கடையில் கொடுத்தார்களாம். இந்த வேலைக்கு இரண்டும் ஒன்றுதான், அதில் தப்பில்லை. ஆனால் தட்டை முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால், 547க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 3904க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். அப்படியே தலைகீழ்! அவன் 547 வரிசைப்படியே கோர்த்துவிட்டான்.

மீட்டரை டையோடு குறியில் வைத்து, சிவப்பு முனையை நடுக்காலில் தொட்டு, கறுப்பை இரண்டு பக்கமும் மாற்றி வைக்கச் சொன்னேன். ஒரு பக்கம் 0.668, மறுபக்கம் 0.674. இத்தனூண்டு கூடுதலாகக் காட்டுவதுதான் எமிட்டர். பையன் நாலு தடவை வைத்து வைத்துப் பார்த்தான். அப்புறம் திருப்பிப் போட்டுப் பற்றவைத்தான். கிட்டார் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார்.

கேட்ட பாகம் இங்கே இல்லையென்றால் காட்பாடியில் ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குத்தான் ஓட வேண்டும். அதனால் மாற்றுப் பாகம் கொடுப்பது உதவிதான். கொடுக்கும்போது கால் வரிசையையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். கல்லா மேல் ஒரு மீட்டர் வைத்து, பிள்ளைகள் அங்கேயே சோதித்து வாங்க விடுங்கள்.

ஒரு பழைய ரேடியோ மெக்கானிக்,
குடியாத்தம்.