கரோனாவைச் சூடாக்குவது எது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில், சூரியனின் மேற்பரப்பு வெப்பம் மேலே பரவி, அதன் வெளி வளிமண்டலமான கரோனாவைச் சூடாக்குகிறது என்று ஒரு வரி வந்திருந்தது. பிளஸ் டூ பிள்ளைகள் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளும் பக்கம் அது. இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்ற எனக்கு அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி. கரோனாவோ பத்து லட்சத்துக்கும் மேல். சூடு குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு வெப்பம் தானாகப் போகாது என்று வகுப்பில் நாம்தானே சொல்லித் தருகிறோம்?

கொடைக்கானல் ஆய்வகத்தில் சூரிய பிம்பத்தைத் திரையில் விழவைத்துக் கரும்புள்ளிகளைக் காட்டுவார்கள். சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்த இடங்கள், 4,000 டிகிரிக்குப் பக்கம். ஆனால் அவற்றைச் சூழ்ந்த, காந்தப்புலம் வலுத்த 'செயல்மிகு பகுதி'க்கு மேலே கரோனாவில் 30, 40 லட்சம் டிகிரியில் பிளாஸ்மா, அதாவது மின்னேற்றம் பெற்ற வாயு, வளைவளைவாக நிற்கிறது. புள்ளியைக் குளிரவைப்பதும் மேலே கொதிக்கவைப்பதும் ஒரே காந்தப்புலம்தான். எனக்கு இன்றும் வியப்பு தீராத விஷயம் இது.

ஆற்றலுக்குப் பஞ்சமில்லை. மேற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டரும் சுமார் 6.3 கோடி வாட் வீசுகிறது. செயல்மிகு பகுதியின் கரோனாவுக்குத் தேவை பத்தாயிரம் வாட் அளவுதான். அது எப்படி மேலே போய் வெப்பமாக மாறுகிறது என்பதில்தான் சிக்கல். காந்தப்புலத்தில் ஓடும் அலைகள் என்பது ஒரு விடை. 1942-இல் ஸ்வீடன் இயற்பியலாளர் ஆல்ஃவென் கணித்த அலைகள் அவை. அமெரிக்க இயற்பியலாளர் யூஜின் பார்க்கர் சொன்ன விடை வேறு. கீழே பிளாஸ்மா கொதித்துப் புரள்வதால் காந்த வளையங்களின் அடி இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. மேலே புலக்கோடுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பின்னல் இறுகி ஓர் அளவைத் தாண்டியதும் கோடுகள் அறுந்து வேறு விதமாக இணைகின்றன. சேர்ந்திருந்த ஆற்றல் வெப்பமாகிறது. பெரிய சூரிய வெடிப்பில் நூறு கோடியில் ஒரு பங்குதான் ஒவ்வொன்றும். அதனால் 1988-இல் அவற்றை 'நானோ வெடிப்புகள்' என்றார்.

செயல்மிகு பகுதியைப் பொறுத்தவரை பார்க்கர் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. 2013-இல் நாசா ஏவிய ஒரு சிறு ராக்கெட், பதினெட்டு எலெக்ட்ரான்களை இழந்த இரும்பின் மங்கலான ஒளியை அங்கே பதிவு செய்தது. பெரிய வெடிப்பு எதுவும் நடக்காத நேரம். ஒரு கோடி டிகிரியை நெருங்கும் பிளாஸ்மா இருந்தால்தான் அந்த ஒளி வரும். ஆனாலும் அலைகளின் பங்கு எவ்வளவு என்ற வாதம் இன்னும் முடியவில்லை. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. 1869 கிரகணத்தில் கரோனாவில் தெரிந்த பச்சை நிறமாலைக் கோடு, பதின்மூன்று எலெக்ட்ரான்களை இழந்த இரும்புடையது என்று தெரிய எழுபது ஆண்டுகள் ஆயின. இரும்பு அத்தனை எலெக்ட்ரான்களை இழக்கக் கடும் சூடு வேண்டும்; கரோனா அவ்வளவு சூடு என்பது அதிலிருந்துதான் புரிந்தது. நம் ஆதித்யா எல்-1 விண்கலத்தில் உள்ள கரோனா கருவி கவனிக்கும் கோடுகளில் அதுவும் ஒன்று.

அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். கூடவே, ஒரே நாளில் எடுத்த கொடைக்கானல் படத்தையும் நாசாவின் புற ஊதாப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
வத்தலக்குண்டு